பீலிக்கரையிலிருந்து பாலைவனத்துக்கு: ராஜஸ்தான் பயணத்தின் 12 இரவுகள்

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதற்கு மறு ஆண்டு, ஜனவரி மாதத்தில், என் கணவரும் நானும் என் அக்காவும் ராஜஸ்தானுக்குச் சென்று வந்தோம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்தில் இந்தியாவுக்குப் போகிறோம் என்று சொன்னால் பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம், கொஞ்சம் வசதியிருந்தால் காசி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஜெய்சல்மேருக்குப் போகிறோம் என்றதும், அங்கே என்ன கோயில் இருக்கிறது என்று கேட்டவர்களே அதிகம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த எனக்கு, மணலுக்கு நடுவே நிற்கும் அந்தக் கோட்டையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அக்காவுக்கு அப்படி எந்த ஆசையும் இருக்கவில்லை. பதினான்கு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவர். பிறகு குவைத்தில் ஒரு வீட்டில் 11 ஆண்டுகள் பணிப்பெண்ணாக இருந்தவர். என் படிப்புச் செலவில் பெரும்பகுதியைச் சுமந்தவர். நான் வற்புறுத்தியதால்தான் வந்தார். ஆனால் இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் பாதியை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

எங்கள் வழி இதுதான்: கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் டெல்லி, அங்கே ஓர் இரவு, புகையிரதத்தில் ஜெய்ப்பூர் சென்று மூன்று இரவுகள், ஜோத்பூரில் இரண்டு, ஜெய்சல்மேரில் மூன்று, அதற்கு அப்பால் கூரி என்னும் மணல் கிராமத்தில் ஒன்று, திரும்பும் புகையிரதத்தில் ஓர் இரவு, கடைசியாக மீண்டும் டெல்லியில் ஓர் இரவு. முதலில் என் மகன் எழுதித் தந்த திட்டத்தில் உதய்ப்பூர், புஷ்கர், பிக்கானேர் ஆகியவையும் இருந்தன. அவற்றை நானே அடித்துவிட்டேன். ராஜஸ்தானில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதென்றால் ஐந்து ஆறு மணித்தியாலம் கழிந்துவிடும். ஒவ்வோர் ஊரிலும் ஒரே இரவு தங்கினால் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே பயணமாகிவிடும். அறுபதைக் கடந்தவர்களுக்கு இதை நான் அழுத்தியே சொல்வேன்: இரண்டு ஊர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், மற்ற ஊர்களில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விசாவை இணையவழியில் எடுத்தோம். இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்து அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் பல இருப்பதால், அரசின் தளம்தானா என்று முகவரியை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பணம் செலுத்துவது நல்லது. கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளை மூவரும் தனித்தனியாக வைத்திருந்தோம். அவை எவ்வளவு தேவைப்பட்டன என்பதை ஜெய்ப்பூரில் உணர்ந்தோம்.

இரவு ஒன்பது மணிக்கு, முன்பதிவு செய்திருந்த சிறிய விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்த இளைஞர் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி இந்தியில் பேசத் தொடங்கினார். கடவுச்சீட்டுகளை நீட்டியதும் அவருடைய முகம் மாறியது. வெளிநாட்டவர்களைத் தங்க வைக்கும் விடுதிகள் அவர்களுடைய விவரங்களை அரசுக்கு இணையவழியில் பதிய வேண்டும்; அந்த ஏற்பாட்டைச் செய்யாத சிறிய விடுதிகள் வெளிநாட்டவரை ஏற்பதில்லை. முன்பதிவில் எங்கள் பெயர்களைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைத்துவிட்டார்களாம். நம் தாத்தா பாட்டிமார் தம் வாழ்நாள் முழுவதும் இலங்கையில் இந்தியர் என்று சொல்லப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் ஆக்கப்பட்டவர்கள். அவர்களுடைய பேத்திகள் நாங்கள், வெளிநாட்டுக்காரர் என்பதற்காக ஓர் இந்திய விடுதியின் வாசலில் பெட்டிகளோடு நின்றோம். அக்கா ஒன்றும் பேசாமல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே ஒரு முச்சக்கர வண்டியை அழைத்து வேறொரு விடுதியில் எங்களைச் சேர்ப்பித்தார். இலங்கையிலிருந்து செல்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே, எங்களிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு, வெளிநாட்டவரை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நுழைவுச்சீட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. மத்திய அரசின் தொல்லியல் துறை பராமரிக்கும் பெரும்பாலான சின்னங்களில், இலங்கையும் அடங்கிய சார்க் அமைப்பு நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணமே அறவிடப்படுகிறது. டெல்லியில் குதுப் மினாருக்குக் கடவுச்சீட்டைக் காட்டி அப்படித்தான் போனோம். ராஜஸ்தான் மாநில அரசும் தனியார் அறக்கட்டளைகளும் நடத்தும் கோட்டைகளில் எங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் யார் வெளிநாட்டவர் என்பார்கள், பேசாமல் உள்நாட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எங்கள் சாரதி சொன்னார். நாங்கள் செய்யவில்லை. வரலாற்றுச் சின்னத்தைக் காணப் போய் வாசலிலேயே பொய் சொல்லி நுழைவதில் என்ன மரியாதை இருக்கிறது?

ஜெய்ப்பூர் 1727இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னரால் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம். ஒன்பது கட்டங்களாகப் பகுத்து, நேர்நேரான வீதிகளோடு அமைத்திருக்கிறார்கள். 1876இல் இங்கிலாந்து இளவரசரின் வருகையை ஒட்டிப் பூசப்பட்ட அந்தச் செம்மண் கலந்த இளஞ்சிவப்பு நிறம்தான் இன்றும் பழைய நகரத்தின் அடையாளம். 1799இல் கட்டப்பட்ட ஹவா மஹாலை எல்லோரும் வீதியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே போனால்தான் அது அடுக்குப் பலகணிச் சுவர் என்பது விளங்கும். அதன் 953 சிறு சாளரங்களில் ஒன்றின் முன் நின்றால், வெளியே கடைவீதியில் வெயில் கொதிக்கும்போதும் முகத்தில் மெல்லிய காற்று படும். மேல்நிலைகளுக்கு ஏறச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள் என்பது முழங்கால் வலியுள்ள அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. கூட்டம் சேர்வதற்கு முன், காலையில் கதவு திறந்தவுடன் போய்விட வேண்டும்.

ஜந்தர் மந்தர் என்னும் வானியல் கூடத்துக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளாமல் போவதில் பயனில்லை. பெரிய பெரிய கல் கருவிகள் வெறும் விளையாட்டுத் திடலின் சறுக்குப் பலகைகளைப் போலத் தெரியும். ஏறக்குறைய 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் இயந்திரத்தின் நிழல் விழும் வளைவின் அருகே எங்களை நிறுத்தி, நிழலின் ஓரத்தில் விரலை வைக்கச் சொன்னார் வழிகாட்டி. ஒரு நிமிடத்தில் நிழல் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் நகர்ந்து விரலை மூடியது. பூமி சுழல்கிறது என்று எத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அன்றுதான் அது என் விரல் மேல் ஏறிப் போனதைப் பார்த்தேன்.

ஜெய்ப்பூரிலிருந்து வண்டி பிடித்து, ஏறத்தாழ 95 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆபானேரி கிராமத்துக்குச் சென்றதுதான் இந்தப் பயணத்தின் போக்கையே மாற்றியது. அங்கே சாந்த் பாவ்ரி என்னும் படிக்கிணறு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. தரையிலிருந்து 13 நிலைகளாக, மூன்று பக்கங்களிலும் சுமார் 3500 படிகள் முக்கோண முக்கோணமாக இறங்கிப் போகின்றன. நான்காவது பக்கத்தில் தூண்களும் மாடங்களுமாக மண்டபம் நிற்கிறது. அடியில் பச்சை நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். இப்போது உள்ளே இறங்க விடுவதில்லை. மேலிருந்தே பார்க்க வேண்டும். கோட்டைகளையும் அரண்மனைகளையும் பார்த்தபோதெல்லாம் பின்னால் நின்றுகொண்டிருந்த அக்கா, அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இவ்வளவு படி எறங்கித் தண்ணி எடுத்திருக்காங்க தங்கச்சி. நம்ம பணிய லயத்துப் பீலிக்கு எத்தன படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. எண்ணிக்கை அல்ல, விடியற்காலையில் பாசி படிந்த அந்தக் கற்களில் வாளியோடு ஏறி வந்ததும், லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுவான நீர்த்தாரையான பீலியின் கரையில் முறை பிடிக்க முதல்நாள் இரவே குடங்களை வரிசையில் வைத்ததும். எங்கள் மலைகளில் மழைக்குக் குறைவில்லை. ஹட்டனுக்கு அருகே வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. அப்படிப் பெய்யும் நாட்டில் லயத்துப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்காகக் காத்து நின்றார்கள். ஜெய்சல்மேரில் ஆண்டு மழையே ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். அதைக் கொண்டு ஒரு நகரத்தையே வாழ வைத்திருக்கிறார்கள். அன்று முதல் எந்த ஊருக்குப் போனாலும், இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையே முதலில் கேட்டோம். மன்னர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் விட, அந்த ஒரு கேள்வி ஊர்களை எங்களுக்குத் தெளிவாகத் திறந்து காட்டியது.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டை நகரத்துக்கு மேலே ஒற்றைப் பாறை மீது எழுந்து நிற்கிறது. 1459இல் ராவ் ஜோதா தொடங்கிய கோட்டை. மேலே செல்வதற்குக் கட்டணம் செலுத்தி ஏறும் மின்தூக்கி உண்டு. ஆனால் அதில் ஏறினால் லோஹா போல் என்னும் இரும்பு வாயிலைத் தவறவிட்டுவிடுவீர்கள். மின்தூக்கியில் ஏறிப் போய், நடந்து இறங்கி வருவதே நல்ல வழி. அந்த வாயிலின் பக்கச் சுவரில் செந்தூரம் பூசிய சிறிய கைத்தடங்கள் வரிசையாக உள்ளன. மன்னர்கள் இறந்தபோது சிதையேறப் புறப்பட்ட அரசியர் விட்டுச் சென்ற அடையாளங்கள் அவை. 1843இல் இறந்த மான்சிங் மன்னரின் மனைவியரோடு அந்த வழக்கம் இங்கே முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. பயணிகள் அதன் அருகே சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அக்கா தன் கையை எடுத்து ஒரு தடத்தின் அருகே, தொடாமல், அளவு பார்த்தார். “சின்னப் பிள்ளைங்க கை,” என்றார். நாங்கள் அங்கே படம் எடுக்கவில்லை.

கோட்டையின் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைநிலப் பாறைப் பூங்கா இருக்கிறது. ஜோத்பூருக்குச் செல்லும் நம்மவர்களில் மிகச் சிலரே அங்கே போகிறார்கள். எனக்கோ அது கோட்டைக்கு நிகரான இடமாகவே பட்டது. ஒரு காலத்தில் அந்தப் பாறைக்காடு முழுவதும் சீமைக் கருவேல மரம் படர்ந்து, மண்ணுக்குரிய செடிகளை எழவிடாமல் செய்திருந்தது. 2006 முதல் ஏறத்தாழ 70 ஹெக்டேயர் நிலத்தில் அதை அகற்றி, பாலை மண்ணுக்கே உரிய செடிகளை மீண்டும் வளர்த்திருக்கிறார்கள். அந்த மரத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். வேரோ பாறை வெடிப்புக்குள் இருக்கும். ஆகவே பரம்பரையாகக் கல்லுடைக்கும் தொழிலாளர்களை வரவழைத்தார்களாம். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, ஒலியைக் கேட்டே எங்கே பிளவு இருக்கிறது என்று கண்டு, அந்த இடத்தில் உடைத்து வேரை எடுத்தார்கள் என்று அங்கிருந்த வழிகாட்டி விளக்கினார். நம் நாட்டில் அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தல வனத்தில் இதே மரம் செய்யும் கேட்டைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். படித்தவர்கள் திட்டமிட்ட வேலையைக் கல்லின் ஒலி தெரிந்த தொழிலாளியின் காது முடித்து வைத்தது என்பதை மட்டும் அன்றுதான் அறிந்தேன்.

பழைய நகரத்துக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்னும் படிக்கிணறு இருக்கிறது. 1740களில் ஓர் அரசி கட்டுவித்தது. பல ஆண்டுகள் குப்பை மூடிக் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் தூர்வாரிச் சீர்செய்யப்பட்டது. ஆபானேரியில் கம்பிக்கு வெளியே நின்ற அக்கா, இங்கே படியில் இறங்கித் தண்ணீரில் கால் நனைத்தார். ஊர்ப் பையன்கள் மேலிருந்து குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் கல்லின் சிவப்பு நிறம் நன்றாகத் தெரியும்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குப் பகல் புகையிரதத்தில் போவதே நல்லது என்பது என் கருத்து. நானுஓயாவிலிருந்து எல்ல வரை செல்லும் புகையிரதத்தில் பச்சை நிறம் எப்படி விட்டு விலகாதோ, அப்படி இங்கே மஞ்சளும் சாம்பலும் விலகாமல் கூடவே வரும். ஆனால் அது வெறுமை அல்ல. இடையிடையே தனித்தனியாக நிற்கும் மரங்களைப் பக்கத்தில் இருந்தவர் கேஜ்ரி என்றார். நம் கோயில்களில் நாம் சுற்றி வரும் வன்னி மரம்தான் அது. 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்னும் ஊரில், மன்னரின் ஆட்கள் அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணியைத் தொடர்ந்து பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார்கள். அந்த ஊருக்குப் போக எங்களுக்கு நேரம் வைக்காமல் விட்டது என் திட்டமிடலில் நேர்ந்த பெரிய பிழை. ஜோத்பூருக்கு இரண்டு இரவுகள் போதாது, மூன்று வேண்டும்.

புகையிரதத்தில் சாளரத்தை மூடியே வைத்திருந்தும், இறங்கும்போது எங்கள் மடியிலும் பைகளிலும் மாவு போன்ற மணல் படிந்திருந்தது. மூக்குக் கண்ணாடிக்கு உறையும், கைபேசிக்கு ஒரு நெகிழிப் பையும், தலைக்கும் மூக்குக்கும் சுற்ற ஒரு பருத்தித் துண்டும் அவசியம்.

ஜெய்சல்மேர் 1156இல் ராவல் ஜெய்சல் நிறுவிய நகரம். மஞ்சள் மணற்கல்லால் ஆன கோட்டை, 99 கொத்தளங்கள். இந்தியாவின் பெரும்பாலான கோட்டைகள் வெறும் காட்சிக்கூடங்களாகிவிட்டன. இங்கே இன்னமும் ஆயிரக்கணக்கானோர் மதிலுக்குள் குடியிருக்கிறார்கள். ஒரு சந்தில் குழந்தை அழும் சத்தமும், அடுத்த சந்தில் தாளிக்கும் வாசனையும் வரும். நுணுக்கமான செதுக்கு வேலை கொண்ட சமணக் கோயில்கள் உள்ளே இருக்கின்றன. சமணர் அல்லாதவர்களை முற்பகலில்தான் அனுமதிக்கிறார்கள். தோலால் செய்த இடைவார், கைப்பை எதையும் உள்ளே கொண்டு போக முடியாது. பட்டுவா வணிகக் குடும்பம் 1805இல் தொடங்கிக் கட்டிய ஐந்து மாளிகைகள் கோட்டைக்கு வெளியே, நகரத்துக்குள் இருக்கின்றன. அவற்றின் பலகணிகளில் கல்லைக் கல்லென்றே நம்ப முடியவில்லை.

ஆனால் எனக்கு அந்தக் கோட்டை என்றதும் நினைவுக்கு வருவது ஒரு சாக்கடை ஓரச் சுவர். ஒரு குறுகிய சந்தில் நடந்தபோது அக்கா நின்றார். இடுப்பளவு உயரம் வரை அந்த மஞ்சள் கல் கறுத்து ஈரமாக இருந்தது. அதற்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அக்கா பெருவிரலால் மெல்லத் தேய்த்ததும் கல்லின் தோல் செதிலாக உரிந்து, மணலாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“நம்ம லயத்துச் செவரு மாதிரியேதான். எங்கயோ கொழா ஒழுகுது. பூசிப் பூசிப் பாத்தாலும் இது நிக்காது.”

அவர் சொன்னது சரி. குடங்களில் சுமந்து வந்து அளந்து செலவழித்த காலத்தில், அந்தக் கோட்டைக்குள் வீணாக ஓடத் தண்ணீரே இருந்ததில்லை. குழாய்த் தண்ணீர் வந்து, விடுதிகள் பெருகி, ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வைத்த பிறகு, பழைய வடிகால்கள் தாங்காமல் நீர் அடித்தளத்துக்குள் இறங்கியது. கீழே இருக்கும் களிமண் இளகி, கொத்தளங்கள் சில இடிந்தும் விழுந்திருக்கின்றன. அழிவின் விளிம்பில் உள்ள உலகச் சின்னங்களின் கண்காணிப்புப் பட்டியலில் 1996இலேயே இந்தக் கோட்டை சேர்க்கப்பட்டது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பல நூற்றாண்டுப் பஞ்சத்தைத் தாங்கிய கல், சில பத்தாண்டுகள் ஓடிய குழாய்த் தண்ணீரைத் தாங்கவில்லை. கோட்டைக்குள் தங்குவது இனிய அனுபவம் என்று பலர் எழுதுகிறார்கள். நாங்கள் வெளியே, கோட்டை தெரியும் மொட்டை மாடியுள்ள ஒரு விடுதியில்தான் தங்கினோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே குடியிருப்பவர்களின் கடைகளில் வாங்குங்கள், அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுங்கள். குளிப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நகரத்துக்கு நெடுங்காலம் தண்ணீர் தந்தது கடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் மழைநீரைத் தேக்குவதற்காக அமைத்தது. விடியற்காலையில் போனால் படகுக்காரர்கள் வருவதற்கு முன் ஒரு மணித்தியாலம் அமைதியாக உட்காரலாம். அங்கேதான் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, “நீங்க யாழ்ப்பாணமாம்மா?” என்று கேட்டார். இலங்கைத் தமிழர் என்றாலே யாழ்ப்பாணம் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. “இல்லம்மா, நாங்க மலையகம், தேயிலைத் தோட்டத்து ஆளுங்க” என்று அக்கா சொன்னதும், அவர் தன் பாட்டியின் தம்பி ஒருவர் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று சொல்லி, அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பேச்சு பாலைவனத்து ஏரிக்கரையில் நடக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

நகரத்திலிருந்து மணல்மேடுகளுக்குப் போகப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரிலுள்ள சாம். அங்கே கூடாரங்கள் வரிசை வரிசையாக இருக்கும். இரவில் ஒலிபெருக்கிப் பாட்டு நெடுநேரம் ஓடும். தென்மேற்கே உள்ள கூரி கிராமம் அதைவிட அமைதியானது. இங்கே ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தை ஒட்டி நடத்தும் மண் குடிசைகளில் தங்கினோம். முற்பணம் முழுவதையும் நகரத்திலேயே கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஒட்டகச் சவாரி, இரவுச் சாப்பாடு, போர்வை, வண்டி ஆகியவை கட்டணத்தில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டவர்கள் பாகிஸ்தான் எல்லைப் பக்கம் செல்வதற்குச் சிறப்பு அனுமதி தேவைப்படும் பகுதிகள் உண்டு. சாரதி அழைத்தாலும் அனுமதியில்லாமல் போகக் கூடாது.

போகும் வழியில் குல்தாராவைப் பார்த்தோம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைவிட்டுப் போன கிராமம். ஒரே இரவில் எல்லோரும் மறைந்தார்கள், சாபம் இட்டார்கள் என்றெல்லாம் பேய்க்கதை சொல்லி அழைத்துப் போகிறார்கள். எனக்கு அவர்களுடைய கதீன் என்ற வேளாண் முறைதான் அதைவிடப் பெரிய வியப்பாக இருந்தது. கற்பாங்கான மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தாழ்நிலத்தில் நீண்ட மண்வரம்பு கட்டி மறிப்பார்கள். நீர் நின்று மண்ணுக்குள் ஊறி வற்றியதும், அந்த ஈரத்தை நம்பியே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அதன் பிறகு ஒரு துளி மழை பெய்யாவிட்டாலும் பயிர் விளைந்துவிடும்.

கூரியில் நாங்கள் தங்கிய வீட்டின் முற்றத்தில் டாங்கா என்னும் நிலத்தடித் தொட்டி இருந்தது. சுற்றிலும் வட்டமாக நிலத்தைச் சாய்வாக மெழுகியிருந்தார்கள். அதன் மேல் விழும் மழை முழுவதும் நடுவிலுள்ள துளைக்குள் ஓடிவிடும். அந்த வட்டத்துக்குள் செருப்போடு யாரும் கால் வைப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரப் பெண் தட்டுகளை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்தில் குந்தினார். தண்ணீர் இல்லை. உலர்ந்த மணலை அள்ளித் தட்டில் போட்டு உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, கொட்டி, மறுபடி புது மணலை அள்ளித் தேய்த்து, கடைசியில் துணியால் துடைத்தார். தட்டு பளபளத்தது, எண்ணெய்ப் பிசுக்கின் சுவடே இல்லை. அக்கா மெல்ல எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் குந்தி ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. ஒன்பது தட்டுகளையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

பரிசாக நாங்கள் கொண்டு போயிருந்த தோட்டத்துத் தேயிலையை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். அவர்கள் தங்கள் வழக்கப்படி பாலோடும் இஞ்சியோடும் வெகுநேரம் கொதிக்க வைத்தபோது அது கசந்துவிட்டது. மறுநாள் காலை அக்கா அடுப்பைக் கேட்டு வாங்கி, நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதன் பிறகு தூளைப் போட்டு மூடி, வெறும் தேத்தண்ணியாக வடித்துக் கொடுத்தார். வீட்டுப் பெரியவர் இரண்டாவது குவளையையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

முதல்நாள் மாலையில் இசைக்க வந்தவர்கள் மாங்கணியார் என்னும் பரம்பரைப் பாடகர்கள். இஸ்லாமியர்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடி வருபவர்கள், கிருஷ்ணனை அழைத்தும் பாடுவார்கள். கமாய்ச்சா என்ற, ஆட்டுத்தோல் போர்த்திய நரம்பு வாத்தியமும், விரல்களிடையே பிடித்துத் தட்டும் கர்தால் என்னும் மரத்துண்டுகளும் அவர்களுக்குரியவை. நம் தோட்டத்துத் தப்பைப் போலவே அதுவும் வீட்டு நிகழ்வுகளோடு பிறந்த இசை. பணத்தை ஏற்பாட்டாளரிடம் கொடுக்காமல் அவர்கள் கையிலேயே கொடுத்தோம்.

ஒட்டகச் சவாரிக்கு ஒரு சிறு குறிப்பு. ஒட்டகம் முதலில் பின்னங்கால்களை ஊன்றி எழும். அப்போது நம்மை முன்னே தள்ளும். எழும்போதும் உட்காரும்போதும் உடலைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடி மணலில் விழுந்துவிட்டது. அரை மணித்தியாலத்துக்கு மேல் சவாரி செய்தால் இடுப்பு தாங்காது. போகும்போது ஏறிச் சென்று, வரும்போது நடந்து வரலாம்.

அக்கா ஒட்டகத்தில் ஏறவில்லை. மேட்டின் அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். நான் அவருக்குப் பின்னால் போனேன். உச்சியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கணுக்கால் வரை மணலுக்குள் புதைத்துக்கொண்டார். வெயில் தாழ்ந்ததும் மேல்மணல் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே சூடு இருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் பேசினார்.

“பதினோரு வருசம் குவைத்துல இருந்தேன் தங்கச்சி. மணல ஒரு நாளும் மிதிச்சதில்ல. ஜன்னல்ல வந்து ஒட்டுன தூசியத் தொடச்சேன், அவ்வளவுதான்.”

நான் அவருடைய உழைப்பில் படித்து, ஊர் ஊராகப் பாலைவனங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டவள். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் என் பாதங்களைப் புதைத்துக்கொண்டேன். இருட்டும் வரை எழவில்லை.

அன்றிரவு குளிர் எங்களை வாட்டியது. பாலைவனம் என்றால் சூடு என்று நம்பி, நுவரெலியா ஜனவரிப் பனியில் போடும் கனத்த கம்பளிச் சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை பத்துப் பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அது நம் மலைக் குளிரைப் போல ஈரமானதல்ல. உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாக உறைந்துவிட்டதால், அக்கா போத்தலை இடுப்புச் சேலைக்குள் செருகிச் சூடாக்கிப் பயன்படுத்தினார். ஒக்டோபர் முதல் மார்ச் வரை செல்லலாம். டிசம்பர், ஜனவரியில் போனால் கம்பளிச் சட்டையும் காலுறையும் நல்லெண்ணெயும் கட்டாயம்.

அதே மாதங்களில் டெல்லிப் பக்கத்தில் மூடுபனியால் புகையிரதங்கள் தாமதமாகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெய்சல்மேரிலிருந்து எங்களை ஏற்றிய புகையிரதம் ஐந்து மணித்தியாலம் பிந்தியே டெல்லியை அடைந்தது. மறுநாள்தான் விமானம் என்பதால் தப்பினோம். சிறு கடைகளில்கூடக் கைபேசிவழிக் கொடுப்பனவே வழக்கமாகிவிட்டது; உள்ளூர்க் கணக்கு இல்லாத நாம் சில்லறைத் தாள்களை நிறைய வைத்திருக்க வேண்டும். நேரம் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. கைக்கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

ஜெய்சல்மேர்ச் சந்தையில் அக்கா தனக்கென்று வாங்கிய ஒரே பொருள், உலர்த்திய சாங்கரி. வன்னி மரத்தின் பிஞ்சுக் காய்கள் அவை. பஞ்ச காலத்தில் அந்த மக்களைக் காப்பாற்றிய உணவு. வீட்டுக்கு வந்த மறுவாரம் இரவு முழுவதும் ஊற வைத்து, மாசிக் கருவாடு இடித்துப் போட்டு, தேங்காய்ப் பால் விட்டுக் குழம்பு வைத்தார். வற்றல் பயற்றங்காயைப் போன்ற கடிப்பும், சற்றே மண்வாசனையும் இருந்தன. மீதியைப் போத்தலில் போட்டு அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறார். அந்த மரங்களைக் கட்டிப்பிடித்த பெண்களின் ஊருக்கு எந்த மாதம் போவது நல்லது என்று போன வாரம் கேட்டார். ஜோத்பூருக்கு மூன்று இரவுகள் என்று இம்முறை முதலிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.